நீல நூலில் தைத்த சீட்டு

மகனே,

நான் சுகம் என்று ஆரம்பித்தால் அதுவே இந்தக் கடிதத்தின் முதல் பொய்யாகிவிடும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தை உன்னால் வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து நீ இருக்கிற பிரிஸ்பேனுக்கு வந்த, நீ கட்டப்போகிற அந்தப் பெண்தான் எழுதியிருப்பாள். அந்தத் தைரியத்தில்தான் நானும் தமிழில் எழுதுகிறேன். நீயும் நானும் இத்தனை வருஷம் இந்துஸ்தானியில்தான் பேசினோம். அந்தப் பாஷையில் நாம் கிண்டல் செய்வோம், சண்டை போடுவோம், பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்போம். இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு அதில் வாய் வராது. இது கோவில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவனின் தமிழ், பிழை இருக்கும். மருமகளே, நீ உரக்க வாசி. நடுவில் அவன் எழுந்து போனாலும் நிறுத்தாதே. அடுத்த அறைக்குக் கேட்கும்படி வாசி.

வண்டியை விற்கப் போகிறேன் மகனே. நீ நம்பமாட்டாய். நம் ஊர் நவுவாவுக்கு மேற்கே கடற்கரையில் ஹோட்டல் வைத்திருக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் நாலு தடவை வந்து கேட்டுவிட்டார். அங்கே கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களை அதில் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பாராம். ஓட்டிப் பார்த்துவிட்டு வாய் பிளந்து நின்றார். வெளியே பார்த்தால் ஐம்பது வருஷத்து வண்டி, உள்ளே உட்கார்ந்தால் போன வருஷத்து வண்டி என்றார். ஒரே ஒரு குறைதான் சொன்னார். சீட்டு ரெக்சின், அதைப் பிரித்துத் தோல் போட வேண்டும், அதை என் ஆளே செய்துவிடுவான் என்றார். சீட்டை நானே பிரித்துத் தருகிறேன், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வண்டியின் கதை உனக்குத் தெரியும், ஆனால் நீ கட்டப்போகிற பெண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் செய்த உருண்டை மூக்குப் பிக்கப் அது. சர்வே வேலைக்கு வந்த துரை ஒருவர் சுதந்திரம் வந்ததும் ஊருக்குக் கிளம்பும்போது உன் தாத்தாவிடம் விட்டுப்போனது. ஆகவே ஆரம்பமே போனவன் விட்டுப்போனதுதான். பிறகு ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்தது. நம் இந்திய வம்சத்து ஜனங்கள் இந்தத் தீவை விட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் வாத்தியார்கள், பிறகு டாக்டர், பிறகு கடைக்காரர்கள், பிறகு என் கூடப்பிறந்த மூன்று பேரும். ஒரு ஆள் ஊரை விட்டுப் போனால் குடும்பமே மாலையும் அழுகையுமாக நாண்டி ஏர்போர்ட் வரைக்கும் போய் வழியனுப்புவது நம் வழக்கம். மூன்று மணி நேரப் பாதை. வண்டி யாருடையது? என்னுடையது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவோம். எத்தனை எலுமிச்சம்பழம் நசுக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போகிறவர்கள் சும்மா போகவில்லை. அவரவர் காரையும் வேனையும் என் காரேஜில் விட்டுப்போனார்கள். டாக்ஸி ஓட்டிய சாமியின் ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பிக்கப்புக்குள் போனது. தலைமை வாத்தியார் காரிலிருந்து பவர் ஸ்டியரிங். ஜவுளிக்கடைக்காரர் வேனிலிருந்து ஏ.சி. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் யார் கொடுத்தது என்பது மறந்துபோயிற்று, அவரும் இப்போது கனடாவில்தான் இருப்பார். பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லியதாகப் போட்டேன், ஏர்போர்ட் வழியில் இருக்கிற சிகடோக்கா மேட்டில் குலுங்காமல் போகட்டும் என்று. நீ கேலி செய்வாய், ஞாபகம் இருக்கிறதா? "மூஞ்சி தாத்தா மூஞ்சி, நெஞ்சு ஜப்பான்காரன் நெஞ்சு" என்பாய். ஊரே காலியாகிக்கொண்டிருந்தது, என் வண்டி மட்டும் வருஷத்துக்கு வருஷம் இளமையாகிக்கொண்டிருந்தது. அதை நான் பெருமை என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன் ஊர் அழிவதை நட்டு நட்டாகப் பொறுக்கி ஒரு வண்டியில் பூட்டி, அதற்கு மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் உண்மை.

இரண்டாயிரத்தில் மறுபடியும் பார்லிமெண்டைப் பிடித்தார்களே, அப்போது சுவாவில் நம்மவர் கடைகள் எரிந்தன. நவுவாவில் எரியவில்லை, ஆனாலும் பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. அடுத்த வீட்டு லித்தியா, இந்த மண்ணின் பூர்வகுடிக்காரி, தன் இரண்டு அண்ணன்களைக் கூட்டிவந்து பாய் விரித்து, குடிக்க யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து, பத்து நாள் நம் வாசலிலேயே உட்காரவைத்தாள். யாரும் நம் வேலிப் பக்கம் வரவில்லை. அந்தப் பத்து நாளுக்குள் ஒரு பகலில், வேனை என்னிடம் முன்பே கொடுத்துவிட்டிருந்த ஜவுளிக்கடைக்காரரின் குடும்பத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாண்டிக்குப் போனேன். வழியில் சிப்பாய்கள் மறித்தார்கள். ஒரு சிப்பாய் கதவைத் திறந்தான், ஏ.சி. காற்று முகத்தில் அடித்ததும் சிரித்துவிட்டான். துப்பாக்கியோடு உள்ளே ஏறி என் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தான். "செட், மிஸ்திரி! எங்க போறீங்க?" என்று இந்துஸ்தானியில் கேட்டான்; இங்கே செட் என்றால் பிரமாதம், மிஸ்திரி என்றால் மெக்கானிக். ஏர்போர்ட் என்றேன். "எல்லாருமா?" இவங்க மட்டும், நான் திரும்பி வருவேன் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ ஒருத்தன்தான்யா திரும்பி வர்ற" என்று தோளில் தட்டிவிட்டு இறங்கினான்.

மகனே, அந்தத் தட்டு என் தலைக்கு ஏறிவிட்டது. போகிறவன் எல்லாம் கோழை, திரும்பி வருகிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. நவுவாவில் நான் மிஸ்திரி. மார்க்கெட்டில் கைக்குழந்தைகூட என் வண்டிக்குக் கை காட்டும். பிரிஸ்பேனில் நான் யார்? உன் வீட்டில் டி.வி. பார்க்கிற கிழவன். இங்கிலீஷ் பாதி புரியும், பாதி புரியாது, கடைக்குப் போகக்கூட உன்னைக் கேட்க வேண்டும். அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. பயத்தை வாய்விட்டுச் சொல்கிற ஆம்பிளையை நான் பார்த்து வளரவில்லை. நீ அப்படி இருக்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு, அன்றைக்கே சொல்லிவிடு.

அதே வருஷம் நீயும் போனாய். உன்னையும் அதே வண்டியில்தான் கொண்டுபோய் விட்டேன். அம்மா நமக்கு நடுவில் உட்கார்ந்து, வழி முழுக்க உன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஏர்போர்ட்டில் உன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "எப்போடா எங்களக் கூப்டுக்குவே?" என்று கேட்டாள். "முதல் வேலை அதான்மா" என்று நீ தமிழில் சொன்னாய். உனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாய். திரும்பி வரும்போது அவள் அழவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிறகு சர்க்கரை அவள் காலில் இறங்கியது. பாதத்தில் ஒரு புண் வந்தது, ஆறவேயில்லை. வாரம் இரண்டு நாள் சுவா ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போக வேண்டும். பஸ்ஸில் போனால் காலை யாராவது மிதித்துவிடுவார்கள். நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவள் பக்கத்துச் சீட்டைப் பின்னால் தள்ளும்படி தண்டவாளம் போட்டேன். காலை நீட்டி வைக்க ஒரு பலகை, அதன் மேல் பஞ்சு. ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி. சீட்டுக்கு மெரூன் ரெக்சினை அவளே மெஷினில் தைத்தாள். "இன்னாத்துக்கு இவ்ளோ மெத்தை? நான் ஆஸ்பத்திரிக்குப் போறனா, மாமியார் வூட்டுக்குப் போறனா?" என்று சிரித்தாள். ஒரு தடவை சீட்டு ஓரத்தில் தையல் விட்டுவிட்டது. நான் காரேஜில் இல்லாத நேரம் அவளே கையால் தைத்து வைத்திருந்தாள், நீல நூலில். மெரூன் சீட்டுக்கு யாராவது நீல நூல் போடுவார்களா என்று சத்தம் போட்டேன். "கையில கெடச்சது அதான். ஒக்காரப் போறது நான்தான?" என்றாள். என் கையால் செய்த அவ்வளவு நேர்த்தியான வேலையில் அந்த நீலம் முள்ளாக உறுத்தியது. அதைப் பிரித்துத் தைக்கச் சொல்லி எத்தனையோ தடவை சொன்னேன், அவள் கேட்கவில்லை.

இனிமேல்தான் கஷ்டம். மருமகளே, மெதுவாக வாசி.

அந்தச் சீட்டைச் செய்துகொண்டிருந்தபோதுதான் உன் கவர் வந்தது. தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும், அது உனக்குத் தெரியும். பெரிய பழுப்புக் கவர். எங்களை அங்கே கூப்பிட்டுக்கொள்ளும் விசா காகிதம் எல்லாவற்றையும் நீ பூர்த்தி செய்து அனுப்பியிருந்தாய். எங்களுக்கு இங்கிலீஷ் ஓடாது என்று, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். அம்மாவுக்கு இரண்டு குறி, எனக்கு இரண்டு குறி. அம்மாவின் காலை அங்கே நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாய். நான் அதைக் காரேஜில் நின்றபடியே பார்த்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது. சீட்டுப் பலகை மேஜை மேல் கிடந்தது. கவரைப் பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவில் வைத்து, ரெக்சினை இழுத்து ஆணி அடித்துவிட்டேன். வேலை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சீட்டு முடிந்ததும் ரேடியேட்டர் மாற்றினேன். ரேடியேட்டர் முடிந்ததும் கதவுக்கு எலெக்ட்ரிக் கண்ணாடி. வேலை முடியவே இல்லை, நான் முடியவிடவில்லை. வாரம் இரண்டு நாள் உன் அம்மா உன்னிடம் வருவதற்கான காகிதத்தின் மேலேயே உட்கார்ந்து, புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு வந்தாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை காரேஜுக்குப் போன் செய்தாய். காகிதம் வந்ததா என்று கேட்டாய். வந்தது, ஆனால் உன் அம்மாவுக்கு இஷ்டமில்லை, வீட்டையும் கோவிலையும் விட்டு வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். நாக்கு தடுமாறவே இல்லை. பல வாரம் அதையே சொன்னேன். கடைசியில் நீ நம்பாமல் அவளிடமே போனைக் கொடுக்கச் சொன்னாய். கொடுத்தேன். லைனைத் துண்டிக்கத் தயாராகப் பக்கத்திலேயே நின்றேன். நீ என்ன கேட்டாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஒங்கப்பா வராம நான் எப்படிடா வருவேன்? இனிமே அதக் கேக்காத சாமி" என்றாள். ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள், தெய்வம் காப்பாற்றியது என்று நினைத்தேன். நீ என்னைக் கூப்பிட்டு, "அந்த டிரக்கையே கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் கிடங்க" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடுவது குறைந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் காரேஜுக்கு வந்து, போன் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள்.

அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, ஏ.சி.யைக் குறைக்கவா என்று கேட்டேன். "வேணாம், நல்லாருக்கு. சொகமா இருக்கு ஒங்க வண்டி" என்றாள். அதுதான் என்னிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு. நான் உனக்குப் போனில் சாவுச் செய்தி சொன்னேன். "ஹம் நை ஆயேகா" என்றாய். வரமாட்டேன் என்றாய். என்னை வேண்டாம் என்றவளுக்கு நான் எதற்கு என்று கேட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் கோபம் என் மேல் திரும்பிவிடுமே என்று, செத்தவள் மேலேயே அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று வருஷமாக விட்டுவிட்டேன். இந்த டிசம்பரில் மறுபடியும் ராணுவம் வந்தது, மறுபடியும் ரேடியோவில் அதே மாதிரிப் பேச்சு. எத்தனையாவது என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இந்த ஊருக்காகவா, இந்தப் பெயருக்காகவா என்று கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்போதும் உனக்கு எழுதவில்லை.

ஹோட்டல்காரர் சீட்டைப் பற்றிச் சொன்ன மறுநாள் காலை நான் சீட்டைக் கழற்றினேன். உனக்கு உண்மையைச் சொல்ல அல்ல. கவரை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உன் கல்யாணத்துக்கு வந்து நல்ல அப்பாவாக நிற்கலாம் என்றுதான் கழற்றினேன். நீலத் தையல் இருந்த ஓரத்தில் கத்தியை விட்டேன். பஞ்சைத் தூக்கினேன். நான் வைத்த மாதிரி கவர் இல்லை. நான் வெறுமனே செருகியிருந்தேன். இப்போது அது அவளுடைய பழைய பச்சைச் சேலைத் துண்டில் சுற்றி, எண்ணெய் படாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பிரித்தேன். நீ பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் அவள் கையெழுத்து. அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை, தமிழில், மங்கம்மா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அவளுடைய பாஸ்போர்ட் போட்டோ இரண்டு, கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு எடுத்தது. என் போட்டோவும் இரண்டு இருந்தது. லைசென்ஸ் புதுப்பித்தபோது மிஞ்சியதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாம் தயார். என் இடத்தில் உன் பென்சில் குறி மட்டும் அப்படியே இருந்தது.

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு லித்தியா வீட்டுக்கு ஓடினேன். எனக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. லித்தியா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் அதை உன் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னாளாம், போட்டோ எடுக்கவும் அவள்தான் கூட்டிப்போனாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே என்று கத்தினேன். சொல்லக் கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். லித்தியா நம் இந்துஸ்தானியிலேயே சொன்னாள்: "உ போலிஸ், மிஸ்திரி அப்னே நிகாரி." மிஸ்திரி தானே வெளியில் எடுப்பார் என்று சொன்னாளாம். அவரைக் கேட்டு வாங்கினால் அவர் அங்கே வந்தும் செத்துப்போவார், தானாக எடுக்கட்டும், நான் காத்திருக்கிறேன் என்று சொன்னாளாம்.

அவள் காலோடு காத்திருந்தாள், கால் போன பிறகும் காத்திருந்தாள். கடைசியில் தானாகத்தான் எடுத்தேன் மகனே. எரிப்பதற்கு எடுத்தேன்.

நான் கல்யாணத்துக்கு வரவில்லை. வரக் கூடாது என்று நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை, அதற்கு எனக்கு வாயில்லை. உனக்குப் புத்தி சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உன் மனைவியிடம் பேச வேண்டிய நேரத்தில் அவளுக்காக எதையாவது செய்து கொடுத்து ஒப்பேற்றாதே. மெத்தை போட்டுக் கொடுக்காதே. உட்கார்ந்து பேசு.

காகிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். என் இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. இனி போட்டால் அதுவும் பொய்தான். அம்மாவின் போட்டோ இரண்டையும் கவருக்குள் வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தோன்றியது, கை நீளவில்லை. பூ வைத்துக்கொண்டு அவள் அந்தக் கேமராவைப் பார்த்தது உன்னிடம் வருவதற்காக. நீ கூப்பிட்டாய், அவள் வருகிறேன் என்று இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள். கல்யாண மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலி போடு.